நாலாவது சிங்கம்

இங்க உக்காருங்க அம்மிணி, சீட்டு காலிதான். இந்தச் சுருளை மட்டும் பாத்து, கசங்கிப்போகும். குடுங்க, நான் மடியில வெச்சுக்கறேன். சார்ட்டுங்க இது. என்ற பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு ரெண்டு நாளா உக்காந்து புதுசா வரைஞ்சேன். சுவத்துல இருந்த பழசு துண்டு துண்டாக் கிழிஞ்சு கிடந்துச்சு. காத்தாத்தான் இருக்கோணும், அந்த ஜன்னலுக்குக் கொக்கி சரியில்லீங்க.

நீங்க தாராபுரம் வரைக்கும் போறீங்களா? நான் நடுவுல புதூர் பிரிவுல எறங்கிருவேன். அங்கிருந்து ஊருக்கு ஒண்ணரைக் கிலோமீட்டர் நடக்கோணும். ரெண்டு பக்கமும் சோளக்காடு, நடுவுல ஒத்தைத் தார்ரோடு, வழியில ஒரு வீடு கிடையாது. முன்னெல்லாம் யாராச்சும் வண்டிய நிறுத்தி, வாங்க டீச்சர்னு ஏத்திட்டுப் போயிருவாங்க. இப்ப ஆறு மாசமா நடைதான். நடக்கறது உடம்புக்கு நல்லதுன்னு டாக்டரும் சொல்லியிருக்காருங்க.

என்ற பேரு துளசிமணி. புதூர் தொடக்கப்பள்ளியில தலைமையாசிரியை. தலைமைன்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க. மொத்தமே ரெண்டு டீச்சருங்க, அதுல ஷகிலா டீச்சர் போன வாரத்துலேருந்து மெடிக்கல் லீவு. ஆக, நானே தலை, நானே வாலு. இருபத்தி மூணு வருச சர்வீஸுல என்மேல ஒரு மெமோ கிடையாது. நேரத்துக்கு மணி அடிப்பேன், பொய் சொல்ல மாட்டேன். வேற பெருமை எனக்கு ஒண்ணும் இல்லை.

என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? சொல்றேன். வெளியாளுங்ககிட்டச் சொன்னாத்தான் ஞாயம் என்னன்னு தெரியும். ஊருக்குள்ள யாரும் காது குடுக்கறதில்லை.

ஆகஸ்ட் மாசம் சின்னப் புள்ளைங்களுக்குத் தேசியச் சின்னம் பாடம் எடுப்பேன். எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் எடுப்பாங்க. பறவை மயில், விலங்கு புலி, மலர் தாமரை, மரம் ஆலமரம், பழம் மாம்பழம்னு பத்துத் தடவை கத்த விட்டு வீட்டுக்கு அனுப்பிருவாங்க. என்ற வழி வேற. தாமரையா, கோயில் குளத்துல போயிப் பறிச்சுட்டு வா. ஆல எலையா, கெணத்து மேட்டுல கிடக்குது, பொறுக்கிட்டு வா. கையில தொட்டுப் பாத்ததுதான் புள்ளைங்களுக்கு நிக்கும். புலிக்கு மட்டும் நான் படம் வரைஞ்சிருவேன், வேற வழியில்லை.

இன்னொண்ணு, தப்பாச் சொல்லிக் குடுத்தா எனக்குத் தாங்காது. ஒரு வருசம் தேசிய விளையாட்டு ஹாக்கின்னு எழுதிப் போட்டுட்டேன். பொறவு பேப்பர்ல பாத்தா, அரசாங்கம் அப்படி எதையும் அறிவிக்கவே இல்லையாமா. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலீங்க. மறுநாளே பத்தொன்பது நோட்டையும் வாங்கி, ரப்பர் வெச்சு ஒவ்வொண்ணா அழிச்சேன். ஷகிலா டீச்சர் சிரிச்சா. புள்ளைங்க ஹாக்கி மட்டையையே பாத்ததில்லை டீச்சர், விடுங்கன்னா. பொய்யில சின்னது பெருசு இருக்குதுங்களா? நீங்களே சொல்லுங்க.

மயில் பாடம்தான் எங்க ஊர்ல எடுக்கறது கஷ்டம். மத்த ஊர்ல மயிலுன்னா அழகு, கோயிலு, தோகை. எங்க ஊர்ல விடிஞ்சா இருவது முப்பது காட்டுல வந்து எறங்கும். கடலை போட்டா நோண்டும், சோளம் பால் புடிச்சா கதிரைக் கொத்தும், தக்காளிய ஒண்ணுவிடாம ஓட்டை போடும். அதனால புள்ளைங்க வாயில மயிலுக்கு நல்ல பேச்சே வராது. நான் படத்தை மாட்டுனதும் ஒருத்தி எந்திரிச்சா. தன்ஷிகான்னு பேரு. அஞ்சரை வயசு, முன்பல்லு ரெண்டும் கிடையாது, வாய் மட்டும் ஊருக்கே பேசும். வெள்ளிங்கிரின்னு ரெண்டு ஏக்கர் காடு வெச்சிருக்கறவரோட புள்ளை. எங்க கடலைய எல்லாம் தின்னுப் போடுதே டீச்சர், அதுக்கு எதுக்கு இத்தனை பெரிய படம்னு கேட்டா. இது நம்ம நாட்டோட பறவை கண்ணு, இதுக்குக் கெடுதல் பண்ணுனா ஜெயில்ல போட்டுருவாங்கன்னு சொன்னேன். கொஞ்சம் யோசிச்சுட்டு, அப்ப எங்க கடலையத் தின்ன மயில யாரு ஜெயில்ல போடுவாங்கன்னு கேட்டா. எல்லாம் சிரிச்சுதுங்க. நான் சிரிக்கலை. சிரிச்சா பாடம் போயிரும்.

அதுக்கப்புறம் சிங்கத்துக்கு வந்தேன். ரூபாய் நோட்டுல பாத்திருப்பீங்க, மூணு சிங்கத் தலை தெரியும். எத்தனை சிங்கம்னு கேட்டேன். மூணுன்னாங்க. இல்லை, நாலு. நாலாவது பின்னால இருக்குது, நம்ம கண்ணுக்குத் தெரியாதுன்னேன். எல்லாம் வாயப் பொளந்துட்டு உக்காந்துருச்சுங்க. ஒருத்தன் எந்திரிச்சுப் போயி சார்ட்டைத் தூக்கிப் பின்னால பாத்தான். கீழ வாய்மையே வெல்லும்னு எழுதியிருக்குதே, அதைச் சின்னப் புள்ளைங்களுக்கு எப்படிங்க வெளக்கறது? எனக்கு அந்த நேரத்துல தோணுச்சு. முன்னால இருக்கற மூணும் ரோட்டைப் பாக்கும், நாலாவது சிங்கம் உங்க வீட்டைப் பாக்கும்னு சொன்னேன். நீங்க என்ன பண்றீங்க, எதை மறைக்கறீங்கன்னு அது பாத்துட்டே இருக்கும். பொய் சொன்னா அதுக்குத் தெரிஞ்சுரும்னு சொன்னேன்.

அன்னைக்கிலேருந்து கிளாஸுல பென்சில் காணாமப் போறது நின்னுபோச்சுங்க. வீட்டுப்பாடம் எழுதாதவன் அவனே வந்து எழுதலைன்னு சொல்லுவான். உண்மை சொன்ன புள்ளை பேருக்கு நேரா சார்ட்டுல ஒரு நட்சத்திரம் ஒட்டுவேன். ஷகிலாதான், புள்ளைங்க பயப்படுது டீச்சர், ஒண்ணுரெண்டு படுக்கையிலயே ஒண்ணுக்குப் போவுதாமான்னு சொன்னா. பயம் கொஞ்சம் இருந்தாத்தான் ஒழுக்கம் வரும்னு சொல்லிட்டேன்.

அடுத்த வாரம், ஆளுக்கு ஒரு பொருள் எடுத்துட்டு வாங்கன்னு சொன்னேன். பாதிப் புள்ளைங்க ஆல எலை. நாலஞ்சு பேரு கீழ விழுந்த மயிலிறகு. தன்ஷிகா ஒரு கேரிபேக்கைக் கொண்டாந்து என்ற மேசையில வெச்சா. பிரிச்சா, மயிலோட கொண்டை. கொண்டைன்னா தலையோட, நீலக் கழுத்துத் தோலோட, காஞ்சுபோயி, உள்ளங்கை அகலத்துக்கு. எத்தனை அழகு தெரியுங்களா அந்த நீலம். யாரும் இப்படிக் கொண்டாரலையேன்னு எனக்கு ஒரே சந்தோசம். அவ கையில குடுத்து, சுவத்துல மயில் படத்துக்கிட்ட நிக்க வெச்சு ஒரு போட்டோ எடுத்தேன். பொக்கை வாயோட சிரிச்சுட்டு நின்னா. ஒன்றியத்து ஆசிரியர் குரூப்புல, "தேசியப் பறவையை நேரில் உணரும் ஒன்றாம் வகுப்பு மாணவி"ன்னு பேரும் ஊரும் போட்டு அனுப்புனேன். அறுபது பேரு கை தட்டுனாங்க.

நான் செஞ்சது அவ்வளவுதானுங்க. யாருமேலயும் புகார் குடுக்கலை. ஊர்ல என்னமோ நான் போயிக் காட்டிக் குடுத்த மாதிரிப் பேசறாங்க. குரூப்புல இருந்து யாரு யாருக்கு அனுப்புனாங்களோ, மூணாம் நாள் வனத்துறைக்காரங்க ஜீப்புல வந்து எறங்குனாங்க.

ரேஞ்சரு நல்ல மனுசன். செருப்பைக் கழட்டிட்டுத்தான் கிளாஸுக்குள்ள வந்தாரு. போட்டோவைக் காட்டி, இது எங்க கெடைச்சுது பாப்பான்னு கேட்டாரு. தன்ஷிகா பேசலை. அந்த வாயாடி, தலையக் குனிஞ்சுட்டு நிக்கறா. என்னை ஒரு தடவை பாத்தா. அவரு ரெண்டு தடவை கேட்டுட்டு, சரி விடுங்க டீச்சர்னு எந்திரிக்கப் பாத்தாரு. எனக்குத்தான் மனசு கேக்கலை. இத்தனை நாள் சொல்லிக் குடுத்த பாடம் இந்த ஒரு நிமிசத்துல வீணாப் போகுதேன்னு இருந்துச்சு. பக்கத்துல போயி, அவ தோள்ல கைய வெச்சு, "நாலாவது சிங்கம் பாத்துட்டே இருக்குது. சொல்லு கண்ணு"ன்னு சொன்னேன்.

அவ சொன்னா. அப்பா சோளத்துல மருந்து கலந்து வெச்சாரு. அஞ்சு மயிலு செத்துப்போச்சு. மாட்டுச்சாளைக்குப் பின்னால குழி வெட்டிப் பொதைச்சாரு. எனக்கு மட்டும் கொண்டைய அறுத்துக் குடுன்னு கேட்டேன், டீச்சர் கேட்டாங்கன்னு சொன்னேன், குடுத்தாரு. இதையெல்லாம் அவ அழுகாமச் சொன்னா. முடிச்சுட்டு என்னைப் பாத்து, "இனி அது எங்க வீட்டைப் பாக்காதுல்ல டீச்சர்?"னு கேட்டா. பாக்காது சாமின்னு சொல்லி, அவ பேருக்கு நேரா ரெண்டு நட்சத்திரம் ஒட்டுனேன். எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சுங்க, பெருமையில.

அன்னைக்கே தோண்டிப் பாத்து வெள்ளிங்கிரியக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பள்ளிக்கூடத்து வழியாத்தான் ஜீப்பு போச்சு. புள்ளைங்க எல்லாம் ஜன்னல்ல நின்னு பாத்துதுங்க. சட்டையில்லாம, காட்டுல இருந்து வந்தபடியே உக்காந்திருந்தாரு. தன்ஷிகா சத்தமா அப்பான்னு ஒரு தடவை கூப்புட்டா. அதுதான் அவ கடைசியாப் பேசுனது. ஆறு மாசமா பள்ளிக்கூடத்துல வாயத் தொறக்கலை. தெனமும் வர்றா, கடைசில உக்காந்துக்கறா. சிங்கம் வரையச் சொன்னா மூணு தலைய அழகா வரைஞ்சுட்டு, பின்பக்கம் பூராக் கறுப்புக் கலரைத் தேய் தேய்னு தேச்சு, பேப்பரே கிழிஞ்சுருது. பாத்தீங்களா, பாடம் எத்தனை ஆழமாப் பதிஞ்சிருக்குதுன்னு.

அவ சொன்னதை நான் எழுதிக் குடுத்து கையெழுத்துப் போட்டிருக்கேன் அம்மிணி. புள்ளை ரொம்பச் சின்னது, கோர்ட்டுல ஏத்தலை. என்ற சாட்சிதான். இன்னைக்கு வெள்ளியா? வர்ற திங்கக்கிழமை நான் கூண்டுல ஏறிச் சொல்லோணும். மூணு வருசத்துலேருந்து ஏழு வருசம் வரைக்கும் கெடைக்குமாமா.

அவரு சம்சாரம் சுகந்தி மொதல்ல வந்துச்சு. பாவம், நல்ல பொண்ணு. வக்கீல் என்னமோ சொல்லிக் குடுத்திருக்காரு. பொதைச்சது கண்டுபுடிச்சது எல்லாம் சரி, ஆனா மருந்து வெச்சாருங்கறதுக்கு டீச்சர் சொல்றதைத் தவிர வேற அத்தாட்சி இல்லையாம். செத்துக் கிடந்ததை எடுத்துப் பொதைச்சாருன்னு புள்ளை சொல்லுச்சு, அப்படின்னு மட்டும் சொல்லுங்க டீச்சர், அந்த மருந்துங்கற ஒத்தைச் சொல்லை மட்டும் விட்டுருங்கன்னு கேட்டுச்சு. ஒத்தைச் சொல்லு. காடு வெதைக்க ஆளில்லை, மாட்டை வித்தாச்சு, புள்ளை ஊமையாட்டம் கிடக்குதுன்னு சொல்லிச்சு. எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சுங்க. இல்லைன்னு சொன்னா அது பொய். ஆனா எந்த வாயில வாய்மையே வெல்லும்னு சொல்லிக் குடுத்தேனோ, அதே வாயில எப்படிங்க மாத்திச் சொல்றது? முடியாது தாயின்னு சொல்லிட்டேன். சுகந்தி அழுகலை. உங்களுக்குப் புள்ளைங்க இருக்குதுங்களா டீச்சர்னு மட்டும் கேட்டுச்சு. எனக்கு இல்லை, பள்ளிக்கூடத்துல இருக்கறதெல்லாம் என்ற புள்ளைங்கதான்னேன். சரிங்கன்னு எந்திரிச்சுப் போயிருச்சு.

பொறவு வெள்ளிங்கிரியோட அண்ணன் கொமாரசாமி. மொதத் தடவை கையெடுத்துக் கும்பிட்டாரு. ரெண்டாந் தடவை ஊர்ப் பெரியவங்க நாலு பேரைக் கூட்டிட்டு வந்தாரு. மூணாந் தடவை, அது போன மாசம், ஒண்ணுமே பேசலை. பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு வெளியில ஒரு மணி நேரம் சும்மா நின்னு, பள்ளிக்கூடத்தையும் ரோட்டையும் பாத்துட்டுப் போனாரு. அதோட வரலை. புரிஞ்சுக்கிட்டாருன்னு நினைக்கறேன். கோபக்காரங்க கத்துவாங்க, இவரு கத்தலை பாருங்க.

ஊரும் அப்படித்தான் அடங்கிப்போச்சு. தண்ணி வேணும்னாக்கூட நான் இப்ப பாட்டில்ல கொண்டு போயிர்றேன். சத்துணவு ஆயா எனக்கு முதுகைக் காட்டிட்டேதான் பருப்பு கடையும். பத்தொன்பது புள்ளைங்க இருந்த எடத்துல ஏழு வருது. அது பரவாயில்லை, கவனிச்சுச் சொல்லிக் குடுக்க முடியுது. போன வாரம் திங்கக்கிழமை காலைல கதவைத் தொறக்கப் போனா, வாசப்படியில பெரிய ஆண் மயில் ஒண்ணு செத்துக் கிடந்துச்சு. தோகைய விரிச்ச மாதிரி. வெயிலுக்குத் தண்ணி தேடி வந்திருக்கோணும், பாவம், என்ற வாசல்ல வந்து உயிர விட்டிருக்குது. வனத்துறைக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அன்னைக்குச் சாயங்காலமே ஷகிலாவுக்குக் காய்ச்சல். லீவு லெட்டர் குடுத்தப்ப, நீங்களும் கோர்ட்டு முடியற வரைக்கும் லீவு போடுங்க டீச்சர்னு என்ற கையப் புடிச்சுச் சொன்னா. ரெண்டு பேரும் போயிட்டா பள்ளிக்கூடத்தை யாரு தொறக்கறது?

ஆனா நேத்து ஒரு நல்லது நடந்துச்சுங்க. அதைச் சொல்லத்தான் இத்தனை நேரம் சுத்தி வந்தேன். பள்ளிக்கூடம் விட்டு மத்த புள்ளைங்க போயிருச்சு. நான் பூட்டிட்டு இருக்கேன். தன்ஷிகா போகாம நின்னா. கிட்ட வந்து என்ற சீலைத் தலைப்பைப் புடிச்சா. ஆறு மாசம் கழிச்சு வாயத் தொறந்தா பாருங்க, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு.

"டீச்சர், நாளைக்கு வராதீங்க"ன்னா.

ஏன் கண்ணுன்னு கேட்டேன். பெரியப்பாவும் இன்னும் ரெண்டு பேரும் வீட்டுல பேசிட்டு இருந்தாங்க, நாளைக்கு பிரிவுக்கு வர்றாங்களாமா, வராதீங்க டீச்சர்னா. குரலே வெளிய வரலை. நிசமாவான்னு கேட்டேன். நிசம்னு தலையாட்டுனா.

பாவம், அந்தப் புள்ளைக்கு என்மேல கோபம் இருக்காதுங்களா? அப்பன் இல்லாத வீடு. திங்கக்கிழமை நான் கோர்ட்டுக்குப் போகக் கூடாதுன்னு அதுக்கு ஆசை. சின்னப் புள்ளைங்க ஆசைப்படறதையும் நடக்கறதையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்கும். இத்தனை வருசத்துல எத்தனை பாத்திருக்கேன். இப்படியெல்லாம் இல்லாததைச் சொல்லக் கூடாது சாமி, உண்மைதான் பேசோணும்னு சொல்லிக் குடுத்துட்டு, கன்னத்தைத் தட்டி வீட்டுக்கு அனுப்பிச்சேன். இந்தத் தடவை நட்சத்திரம் ஒட்டலை. பொய்க்கு எப்படி ஒட்டறது? ஆனா வாயத் தொறந்தாளே, அதுவே பெருசு. வாசல்ல போயித் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போனா.

சரிங்க, பிரிவு வந்துருச்சு. உங்களை ரொம்பப் பேசிப் புடிச்சுட்டேன். கண்டக்டர் இன்னைக்கு ரெண்டு தடவை கேக்கறாரு, டீச்சர் இங்கயா எறங்கறீங்க, இங்கயேவான்னு. தெனமும் எறங்கற எடம், இன்னைக்கு என்ன புதுசா.

அட, அங்க பாருங்க. கொமாரசாமி. அவரேதான், வேப்பமரத்துக்கிட்ட. கூட ரெண்டு பேரு, ரெண்டு வண்டி. நான்தான் சொன்னேனே, மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டாங்கன்னு. ஆறு மாசம் கழிச்சு என்னை ஏத்திட்டுப் போக வண்டியோட வந்து நிக்கறாங்க பாருங்க. ஊரு என்னை ஒதுக்கி வெச்சது எனக்கு எத்தனை வலின்னு யாருகிட்டயும் சொன்னதில்லை, உங்ககிட்டச் சொல்றேன். இன்னைக்குத்தான் கொஞ்சம் நெஞ்சு எளகுது.

சுருளை எடுத்துக்கறேன். ஏனுங்க, எதுக்கு என்ற கையப் புடிக்கறீங்க? உங்க கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்குது? தாராபுரம் வரைக்கும் உங்ககூட வரச் சொல்றீங்களா? நல்லா இருக்குதே, நான் அங்க போயி என்ன பண்ணுவேன்? மணி ஒம்பதேகால் ஆகுது, ஏழு புள்ளைங்க கதவுகிட்ட உக்காந்திருக்கும். விடுங்க அம்மிணி. நேத்து அந்தப் புள்ளையும் இப்படித்தான் புடிச்சுட்டு விடவே மாட்டேன்னா, ஒவ்வொரு விரலா நான்தான் பிரிச்சு எடுத்தேன்.